கொல்கத்தாவில் மூன்று நாள் போதுமா? பாதி ஊரை விட்டுவிட்டால் போதும்

கேள்வி இதுதான். மதுரையிலிருந்து ஒரு குடும்பம்: கணவன், மனைவி, 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண், முட்டிவலியுள்ள 68 வயது அம்மா. டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று நாள் கிடைத்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் பார்த்தாயிற்று. இந்த முறை பழக்கமில்லாத, கொஞ்சம் விசித்திரமான ஊராக இருக்கட்டும் என்று கொல்கத்தாவை யோசித்திருக்கிறார்கள். ஆனால் விக்டோரியா மண்டபம், ஹவுரா பாலம் தவிர வேறு எதுவும் தெரியாது. அம்மா சுத்த சைவம். சொந்தக்காரர்கள் வேறு, அழுக்கு, நெரிசல், எங்கே பார்த்தாலும் மீன் என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

நான் அந்த ஊரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். தாராளமாகப் போங்கள். மூன்று நாள் போதும். ஒரே ஒரு நிபந்தனை: 'பார்க்க வேண்டிய இருபது இடங்கள்' பட்டியல் கையில் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். என் அண்ணன் குடும்பம் முதல்முறை வந்தபோது ஆசையில் ஒரே நாளில் ஏழு இடம் கூட்டிப்போனேன். மூன்றாவது இடத்திலேயே அண்ணியின் கால் வீங்கிவிட்டது. ஐந்தாவது இடத்தில் குழந்தை தோளில் தூங்கிவிட்டான். ஊருக்குப் போய் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடம் "டிராஃபிக்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள். அப்போது ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதுவும் அவசரமில்லாமல். அந்தப் பயணத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இந்த ஊரின் விசித்திரம் கட்டடங்களில் இல்லை. பழையது ஒன்றும் இங்கே சீக்கிரம் ஓய்வு பெறாது, அதில்தான் இருக்கிறது. 1902-ல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன அம்பாசடர் கார், மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா, குடித்துவிட்டு உடைத்துப் போடும் மண்குவளை டீ. இதெல்லாம் காட்சிக்கு வைத்த பொருட்கள் இல்லை, இன்றைக்கும் யாரோ ஒருவர் அதில் ஏறி வேலைக்குப் போகிறார். அதே ஊரில்தான் ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறது. அதனால் குழந்தைகளோடு போகிறவர்கள் கொல்கத்தாவை வண்டிகளாலும், கைவேலை நடக்கும் சந்துகளாலும் பார்ப்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம்.

முதலில் நேரக் கணக்கு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நாள் வீணான பிறகுதான் புரியும். இந்தியா முழுக்க ஒரே கடிகாரம் என்றாலும் கொல்கத்தா நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் மதுரையில் ஆறு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஐந்தரைக்கு முழு இருட்டு. காலையை விட்டால் பாதி நாள் போனது போலத்தான். ஏழு மணிக்கு வெளியே இருக்க வேண்டும், மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்று மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் இது ஒத்துவரும். குளிர் காலையில் 13, 14 டிகிரி வரை இறங்கும். ஸ்வெட்டர் கட்டாயம். குளிர்காலத்தில் காற்று மாசு அதிகம், யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் இன்ஹேலரும் முகக்கவசமும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கிழமை. திங்கட்கிழமை விக்டோரியா மண்டபத்தின் உள்ளே, இந்திய அருங்காட்சியகம், தாகூர் வீடு மூன்றும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், மெட்ரோவும் தாமதமாகத்தான் தொடங்கும். செவ்வாய் முதல் சனிக்குள் மூன்று நாள் அமைந்தால் நல்லது. தேதியிலும் ஒரு எச்சரிக்கை. டிசம்பர் 25, 31, ஜனவரி 1 மூன்று நாளும் பார்க் ஸ்ட்ரீட், அலிப்பூர் மிருகக்காட்சிசாலை, விக்டோரியா பக்கம் ஊரே திரண்டு வரும். ஜனவரி 1 தட்சிணேஸ்வரத்திலும் பெருங்கூட்டம். 1886-ல் அதே நாளில் ராமகிருஷ்ணர் பக்தர்களுக்கு அருள்செய்ததைக் கல்பதரு நாள் என்று கொண்டாடுகிறார்கள். 26-லிருந்து 30-க்குள் போய் வந்துவிடுங்கள்.

போவதற்கு, மதுரையிலிருந்து சென்னை வழியாக விமானம். சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். வாரம் ஒருமுறை ஓடும் கன்னியாகுமரி–ஹவுரா ரயில் மதுரை வழியாகவே போகிறது, ஆனால் போகவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். மூன்று நாள் லீவுக்கு அது கட்டுப்படியாகாது.

தங்குவதற்கு எல்லோரும் பார்க் ஸ்ட்ரீட், நியூ மார்க்கெட் பக்கம் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தெற்கே ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் பாருங்கள். பல தலைமுறைகளாகத் தென்னிந்தியக் குடும்பங்கள் குடியிருக்கும் பகுதி அது. அங்கே இட்லியும் பில்டர் காபியும் கிடைக்கும். சந்தையில் வாழை இலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் பார்க்கும்போது அம்மாவுக்கு ஊர் பாதி பழகிவிடும். காலை டிபன் பிரச்சினை தீர்ந்தாலே வயதானவர்களோடு போகும் பயணத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரிதான். காளிகாட் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து வடக்கே தட்சிணேஸ்வரம் வரை ஒரே ரயில்.

சரி, முதல் நாள். இந்த நாளை முழுக்க ஆற்றுக்குக் கொடுங்கள். ஹூக்ளியை ஒரே நாளில் மூன்று விதமாகச் சந்திக்க வேண்டும்: மேலே பாலத்தில், அடியில் ரயிலில், தண்ணீர்மேல் படகில்.

காலை ஏழு மணிக்கு மஞ்சள் டாக்ஸியில் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். ஹவுரா பாலத்தின் கொல்கத்தா பக்கத்து முனையில், பாலத்துக்குக் கீழேயே இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குப் பூச்சந்தை புதிதா என்று கேட்கலாம். மாட்டுத்தாவணியில் மல்லிகையைக் கிலோக் கணக்கில் கொட்டிப் பார்த்திருப்பீர்கள். இங்கே மல்லிகையை விடச் செண்டுமல்லிதான் ராஜா. ஆரஞ்சும் மஞ்சளுமாக மலைப்பாம்பு தடிமனுக்குக் கட்டிய சரங்களை ஆட்கள் தோளிலும் தலையிலும் சுமந்துகொண்டு, வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுவார்கள். அவர்கள் நிற்க மாட்டார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். தரை ஈரமாக, நசுங்கிய பூவால் வழுக்கும். அம்மா உள்ளே போக வேண்டாம், சந்தை விளிம்பில் நின்று பார்த்தாலே போதும். சின்னவள் கையை யாராவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து படியேறினால் பாலம். நீங்களும் பையனும் நடந்து கடக்க வேண்டும், மற்ற மூவரும் டாக்ஸியில் அக்கரை போய் ஹவுரா நிலையத்தில் காத்திருக்கலாம். 1943-ல் திறந்த பாலம் இது. ஏறக்குறைய 26,500 டன் எஃகு. மொத்த நீளம் 705 மீட்டர், ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு போல்ட்டே இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்து இணைத்தது. பையனிடம் ஒரு நட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பாலம் முடியும் வரை தேடிக்கொண்டே வருவான். நடைபாதையோரம் எஃகுத் தூண்களின் அடிப்பாகத்தில் கண்ணாடியிழை உறை போட்டிருப்பதையும் காட்டுங்கள். இரண்டாம் உலகப்போரைத் தாங்கி நின்ற பாலத்தை அரிக்க வந்தது வெற்றிலை பாக்கு, குட்கா எச்சில்! நடந்துபோகிறவர்கள் துப்பித் துப்பித் தூண்களின் காலில் இருந்த இரும்பு உறையின் தடிமன் பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கவசம் வந்தது. ஒரு நாளில் கடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது எப்படி நடந்தது என்பது உங்களுக்கே புரியும்.

அக்கரையில் ஹவுரா மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்கிக்கொண்டே இருக்கும், லிப்ட்டும் உண்டு, முட்டிக்குப் பிரச்சினையில்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-ல் ஓடியது இந்த ஊரில்தான். 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியிலும் ஓட ஆரம்பித்தது. ஆற்றடிச் சுரங்கம் 520 மீட்டர், ரயில் அதை 45 நொடியில் கடந்துவிடும். வெளியே தண்ணீர் தெரியாது என்று குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மீன் எங்கே என்று கேட்டு ஏமாந்துபோவார்கள். ஆற்றுக்கு அடியில் வரும்போது சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரியும். விளக்கு வந்ததும் எண்ண ஆரம்பித்தால் மறைவதற்குள் எத்தனை வருகிறது என்று பார்க்கலாம். எஸ்பிளனேடில் இறங்கி, தங்குமிடம் போய்ச் சாப்பிட்டுப் படுங்கள்.

மூன்றரை மணிக்குப் பிரின்செப் காட். பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக 1843-ல் கட்டிய வெள்ளைத் தூண் மண்டபம் அது. அசோகர் கல்வெட்டுகளை உலகம் வாசித்தது அவரால். மதுரையைச் சுற்றியுள்ள மலைக்குகைகளின் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை நாம் படிப்பதற்கும் அந்த வழிதான் முன்னோடி. மாங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த மண்டபத்தில் ஒரு நிமிடம் நிற்பது நியாயம் என்று எனக்குத் தோன்றும். படித்துறையில் நாட்டுப்படகுகள் கிடைக்கும். பேரம் பேசி அரை மணி நேரத்துக்கு எடுங்கள். ஹூக்ளியில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு. தண்ணீர் இறங்கியிருந்தால் படித்துறையில் சேறும் வழுக்கலும் இருக்கும், அப்போது அம்மாவைப் படகில் ஏற்றாதீர்கள். கரையில் உட்கார இடம் இருக்கிறது. ஐந்து மணிக்குச் சூரியன் அக்கரைப் பக்கம் இறங்கும்போது நீங்கள் தண்ணீரில் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் வடக்குக் கொல்கத்தா. எனக்கு ரொம்பப் பிடித்த நாள் இது. ஷோபாபஜார் நிலையத்தில் இறங்கி முதலில் வயிற்றைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் மட்டும் பச்சைப் பட்டாணியை அரைத்து உள்ளே வைத்துப் பொரித்த கச்சூரி போடுவார்கள், கொராய்ஷுடிர் கொச்சுரி என்று பெயர். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சைவம்தான். காலை பத்து மணிக்கு மேல் பல கடைகளில் தீர்ந்துவிடும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் குமோர்துலி. குயவர் தெரு என்று அர்த்தம். வங்காளத்தின் துர்க்கை சிலைகள் இங்கே பிறக்கின்றன. துர்கா பூஜையை 2021-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. டிசம்பரில் துர்க்கை இருக்காது, ஆனால் அடுத்து வரும் சரஸ்வதி பூஜைக்கு (அங்கே அது நவராத்திரியில் இல்லை, ஜனவரி, பிப்ரவரி வாக்கில்) வேலை மும்முரமாக நடக்கும். ஒரு விதத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்: துர்க்கை சிலைகள் ஆளுயரத்துக்கு மேல், எதையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சரஸ்வதிகள் பலவும் உங்கள் பெண்ணின் உயரம்தான் இருக்கும், எல்லாம் அவள் கண்ணுக்கு நேரே நடக்கும்.

சந்து ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் கொட்டகைகள். முதல் கொட்டகையில் மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணலால் இறுக்கிக் கட்டி உடம்பு செய்துகொண்டிருப்பார்கள். தலையில்லாத வைக்கோல் உருவம், இடுப்பு மட்டும் ஒயிலாக வளைந்திருக்கும். அடுத்த கொட்டகையில் உமி கலந்த மண்ணை அதன்மேல் அப்புவார்கள். அது காய்ந்து வெடித்ததும் வழவழப்பான நைஸ் மண். வெடிப்பு விட்ட இடத்தில் கந்தல் துணியை மண்கூழில் நனைத்து, புண்ணுக்குக் கட்டுப்போடுவது போல ஒட்டுவார்கள். முகத்தை அச்சில் வார்த்துத் தனியே காயவைப்பார்கள். விரல்களும் தனி. ஒரு பலகையில் இருபது முப்பது மண்விரல்கள் வரிசையாக வெயிலில் காய்வதை முதன்முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு வெள்ளைப் பூச்சு, நிறம், கடைசியாகக் கண். துர்க்கைக்குக் கண் எழுதுவது மகாளய அமாவாசை அன்றைக்கு என்பது மரபு.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே விளாச்சேரி இருக்கிறது. கொலு பொம்மை செய்யும் வீடுகளுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போயிருந்தால், இங்கே அவர்கள் தாங்களாகவே ஒப்பிடுவார்கள். நம் பொம்மை சூளையில் வெந்து, பரணில் பத்திரமாகி, தலைமுறை தாண்டி வரும். இந்தச் சிலையைச் சுடுவதே இல்லை, வெறும் வெயிலில் காய்ந்த பச்சை மண். ஆற்றுவழியே வந்த மண் சில நாள் தெய்வமாக இருந்துவிட்டு அதே ஆற்றுக்குள் போகிறது. கரைத்த பிறகு மிதக்கும் மூங்கில் சட்டத்தை இழுத்துவந்து அடுத்த சிலைக்கு வைத்துக்கொள்வார்கள். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை செய்கிறவரின் வெளிச்சத்தை மறைக்காமல் நில்லுங்கள். சின்னதாக ஒரு மண்முகம் வாங்கிக்கொண்டால் அவர்களுக்கும் சந்தோஷம்.

குமோர்துலியைச் சுற்றிய தெருக்களில் மெதுவாக நடங்கள். பழைய வீடுகளின் வாசலில் ரோக் என்று ஒரு மேடை இருக்கும், நம் ஊர்த் திண்ணையேதான். வயதானவர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்து அரசியலும் கால்பந்தும் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு அட்டா என்று பெயர். அம்மா கால்வலிக்கு அங்கே உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வழி கேட்கும்போது ஆண்களைத் தாதா என்றும் பெண்களைத் தீதி என்றும் கூப்பிடுங்கள். நம் சினிமாவில் தாதா என்றால் ரவுடி, அங்கே அண்ணன். பையனிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நாள் முழுக்க உற்சாகமாகக் கூப்பிட்டுக்கொண்டே வருவான். இன்னொரு வேடிக்கை, வங்காளிகள் தண்ணீரையும் டீயையும்கூடச் 'சாப்பிடுவார்கள்'. சா காபேன் என்று யாராவது கேட்டால் டீ குடிக்கிறீர்களா என்று பொருள்.

டிராம் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நம் சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நின்றுவிட்டது. மற்ற ஊர்களிலும் போய்விட்டது. கொல்கத்தா மட்டும் விடாமல் வைத்திருந்தது. 2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேடிலிருந்து மைதான் வரை ஒரு சின்ன பாரம்பரியத் தடம் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் நிற்கும் என்று அறிவித்தது. டிராமை நேசிக்கிறவர்கள் நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போகும் வாரத்தில் எந்தத் தடம் ஓடுகிறது என்பதைத் தங்குமிடத்தில் கேளுங்கள். ஷியாம்பஜார்–எஸ்பிளனேட் தடம் ஓடினால் யோசிக்கவே வேண்டாம், காலேஜ் ஸ்ட்ரீட் வழியாகப் போகும் தடம் அது. மரப் பெஞ்சு, தலைக்குமேல் நீளமாக ஓடும் மணிக்கயிறு, கண்டக்டர் அதைச் சுண்டியதும் முன்னால் கேட்கும் டிங் டிங். மாட்டுவண்டியை விடக் கொஞ்சம் வேகம் அவ்வளவுதான். அந்த வேகத்தில் போனால்தான் கடைப் பலகைகளும் பால்கனிகளும் கண்ணில் படும். முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடலாம், அதனால் டிராமை நம்பி நேரம் குறிக்காதீர்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு மணி நேரம் போதும். நடைபாதை நெடுகப் புத்தகக் கடைகள். பையன் படிக்கிறவன் என்றால் பழைய காமிக்ஸ், அறிவியல் புத்தகம் ஏதாவது தேடட்டும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவை அன்றைக்குக் கண்டிப்பாகப் பார்ப்பீர்கள், குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1970-களிலேயே கை ரிக்‌ஷாவை ஒழித்தோம். இங்கே 2006-ல் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தும் இன்னும் ஓடுகிறது. இழுப்பவர்கள் பெரும்பாலும் பீகார் பக்கத்திலிருந்து வந்த வயதானவர்கள். மழைக்காலத்தில் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அந்த வண்டி ஒன்றுதான் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில்தான் போவார்கள். ஏறுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். என்னால் ஏற முடிந்ததில்லை. ஆனால் படம் எடுப்பதற்காக மட்டும் அவரை நிறுத்திவைக்காதீர்கள், அது அவருடைய சவாரி நேரம்.

மூன்றாம் நாள் அம்மாவுக்கானது. காளிகாட் கோயில் தங்குமிடத்துக்குப் பக்கம்தான், ஆனால் அந்தக் கூட்டமும் தள்ளுமுள்ளும் முட்டிவலிக்கு ஆகாது. தட்சிணேஸ்வரம் போங்கள். காலை முதல் வேலையாக மெட்ரோவில் கடைசி நிலையம், அங்கிருந்து மேம்பாலமாக அமைத்த நடைபாதையில் கோயில் வாசல் வரை போய்விடலாம். ராணி ராஷ்மோனி 1855-ல் கட்டிய ஒன்பது கோபுரக் கோயில், ராமகிருஷ்ணர் பூஜை செய்த இடம். ஆற்றைப் பார்த்த படித்துறையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்தே படகில் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்குப் போங்கள். இருபது நிமிடப் படகு, டிக்கெட் சொற்பம். படகுத்துறைக்கு இறங்கும் சாய்வுப் பாலம் தண்ணீர் வற்றும்போது செங்குத்தாகிவிடும், அம்மாவை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடமும் மதியம் நடை அடைத்து மாலையில்தான் திறக்கும். பதினோரு மணிக்குள் இரண்டையும் முடிக்கும்படி கிளம்புங்கள்.

மாலையில் விக்டோரியா மண்டபம். உள்ளே போக வேண்டுமென்று இல்லை, தோட்டத்தில் குழந்தைகள் ஓடட்டும். கும்மட்டத்தின் உச்சியில் எக்காளம் ஊதும் கறுப்புத் தேவதை நிற்கிறாள். காற்று பலமாக அடித்தால் திரும்பும்படி அமைத்த சிலை. இருட்டிய பிறகு பார்க் ஸ்ட்ரீட் விளக்கு அலங்காரம், ஒரு சுற்று. அருங்காட்சியகத்து எகிப்திய மம்மி, சயின்ஸ் சிட்டி, மார்பிள் பேலஸ் எல்லாம் இன்னொரு முறைக்கு இருக்கட்டும். ஒன்றை மட்டும் மனமில்லாமல்தான் விடுகிறேன்: ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் ஆலமரம். 250 வருடத்துக்கு மேற்பட்டது. பூஞ்சை பிடித்ததால் 1925-ல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று ஆயிரக்கணக்கான விழுதுகள்தான் ஒரு காடு போல அதைத் தாங்கி நிற்கின்றன. விமானம் இரவில் என்றால், விக்டோரியாவுக்குப் பதிலாக நான் இதைத்தான் பார்ப்பேன்.

சாப்பாடு. சொந்தக்காரர்கள் சொன்ன மீன் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது, தெரிந்துகொண்டால் பயமில்லை. வங்காளிச் சமையலில் பருப்பில்கூட மீன்தலை போடும் வழக்கம் உண்டு. வாழைப்பூ, பலாக்காய், சுரைக்காய் என்று மெனுவில் காய்கறிப் பெயர் பார்த்து ஆர்டர் செய்தால் உள்ளே இறால் இருக்கலாம். அதனால் 'வெஜ்' என்று மட்டும் சொல்லாதீர்கள், "நிராமிஷ்" என்று சொல்லுங்கள். மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது என்று அர்த்தம், பல வீடுகளில் வெங்காயம் பூண்டுகூட இல்லாததைத்தான் நிராமிஷ் என்பார்கள். அப்படிக் கேட்டு வாங்கிவிட்டால் அம்மாவுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நம்மைப் போலவே ஆய்ந்து சமைக்கிறவர்கள் அவர்கள். முதலில் பாகற்காய் சேர்த்த ஷுக்தோ, பிறகு பருப்பு, கசகசாவில் புரட்டிய உருளைக்கிழங்கு, கடலைப்பருப்பை அரைத்துத் துண்டுபோட்டுக் குழம்பிலிட்ட தோகார் தால்னா. கடுகெண்ணெய் வாசம் முதல் நாள் கொஞ்சம் தூக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். தெருவில் பூச்கா சாப்பிடாமல் வரக்கூடாது. பானிபூரிதான், ஆனால் புளித்தண்ணீர். சின்னவளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றாமல் உருளைக்கிழங்கு வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வயிற்றுக்கு அது பத்திரம்.

டாக்ஸிக்கு யாத்ரி சாத்தி என்ற செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் டாக்ஸியையும் அதில் கூப்பிடலாம், கட்டணத் தகராறு வராது. வண்டிகளுக்கு 15 வருட வயது வரம்பு இருப்பதால் மஞ்சள் அம்பாசடர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு முறையாவது குழந்தைகளை அதன் பின்சீட்டில் உட்காரவையுங்கள். ஐந்து பேரும் ஒரே வண்டியில் அடங்கலாம், ஓட்டுநர் முகம் சுளிக்காமல் இருந்தால்.

திரும்பும்போது ரசகுல்லா டப்பா எல்லோரும் வாங்குவார்கள், அது எப்போதும் கிடைக்கும். நீங்கள் போவது குளிர்காலம், அதனால் நொலேன் குர் வாங்குங்கள். ஈச்சமரத்தில் இரவில் இறக்கிய பதநீரைக் காலையில் காய்ச்சி எடுக்கும் வெல்லம். நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம், ஆனால் புகை வாசத்தோடு லேசான பூவாசமும் இருக்கும். அதில் செய்த சந்தேஷ், நெற்பொரியில் பிடித்த ஜெய்நகர் மோவா உருண்டை இரண்டையும் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டுக்குக் கட்டி வெல்லம் வாங்குங்கள், பாட்டாலி என்று கேட்டால் தருவார்கள். பாகாக இருப்பதை வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் திரவம் என்று எடுத்துவிடக்கூடும். கட்டி என்றால் அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வரலாம்.